கனெட்டிகட்டின் ஒன்பது திட்டமிடல் வட்டாரங்களை ஆய்வுக்கு நிலையான அலகாக வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அமெரிக்காவின் கனெட்டிகட் மாநிலத்தில் பொதுச் சுகாதாரம் படிக்கிறீர்கள். 2016 முதல் 2023 வரை அந்த மாநிலத்தில் வறுமையும் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களின் விகிதமும் எங்கெங்கே எப்படி மாறின என்று ஆராய்கிறீர்கள். 2021 வரை எட்டு கவுன்டிகளுக்கு (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவுகள்) கிடைத்த புள்ளிவிவரம் 2022இலிருந்து ஒன்பது திட்டமிடல் வட்டாரங்களுக்குத்தான் கிடைக்கிறது. இனி அந்த வட்டாரங்களையே நிலையான அலகாக எடுத்துக்கொள்ளலாமா, பழைய கவுன்டித் தரவைப் பரப்பளவு விகிதத்தில் பிரித்துப் பங்கிட்டால் போதுமா, நம்மூரில் மாவட்டம் பிரிக்கிறார்களே அது மாதிரிதானா இதுவும் என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: முடிவைச் சொல்லப் பயன்படும் அலகும் காரணத்தைத் தேடப் பயன்படும் அலகும் ஒன்றாகவே இருக்க வேண்டுமா?

இருக்க வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். அமெரிக்க மக்கள்தொகைத் தரவையும் வரைபடங்களையும் பல வருடங்களாகக் கையாண்டுவருகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். கணக்கை டவுன் (அங்கே உள்ளாட்சியின் அடிப்படை அலகு) அளவில் போடுங்கள். முடிவை வட்டார அளவில் சொல்லுங்கள். கனெட்டிகட்டில் 169 டவுன்கள் இருக்கின்றன. பழைய கவுன்டியானாலும் புதிய வட்டாரமானாலும் இந்த 169ஐ முழுசுமுழுசாகச் சேர்த்துக் கட்டியதுதான். எந்த டவுனும் இரண்டாக உடையவில்லை. இந்த ஒரு விஷயம் உங்கள் வேலையில் பாதியைக் குறைத்துவிடும்.

முதலில் இந்த மாற்றம் ஏன் வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் வட்டாரங்களை எவ்வளவு நம்பலாம் என்பது அதில்தான் இருக்கிறது. கனெட்டிகட்டில் கவுன்டி அரசாங்கம் 1960இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஃபேர்ஃபீல்ட், ஹார்ட்ஃபர்ட், நியூ ஹேவன் எல்லாம் வரைபடத்தில் கோடாகவும் புள்ளிவிவர அட்டவணையில் வரியாகவும் மட்டுமே நின்றன. அவற்றுக்கு வரி வசூலும் கிடையாது, பட்ஜெட்டும் கிடையாது. உள்ளாட்சி என்றால் டவுன்தான். ஆனால் போக்குவரத்து, கழிவு, வெள்ளம் போன்ற விஷயங்களை ஒரு டவுன் தனியாகச் சமாளிக்க முடியாது. அதற்காக டவுன்களின் தலைவர்கள் கூடிப் பேசும் வட்டாரக் கவுன்சில்கள் வளர்ந்தன. ஒரு காலத்தில் 15 வட்டாரங்கள் இருந்தன. 2013ஐ ஒட்டி அவற்றை ஆராய்ந்து குறைத்ததில் 2015 தொடக்கத்திலிருந்து 9 ஆயின. செயலே இல்லாத கவுன்டிகளை விட்டுவிட்டு, செயல்படுகிற இந்த ஒன்பதையும் கவுன்டிக்குச் சமமான அலகாக ஏற்கச் சொல்லி மாநில அரசு கேட்டது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தும் சென்சஸ் பீரோ 2020 டிசம்பரில் அதை முன்மொழிவாக வெளியிட்டுக் கருத்துக் கேட்டு, 2022 ஜூனில் ஏற்றுக்கொண்டது. 2023 ஜூலையில் கூட்டாட்சி அரசு பெருநகரப் பகுதிகளின் எல்லையைப் புதுப்பித்தபோது கனெட்டிகட்டுக்கு இந்த வட்டாரங்களையே அடிக்கல்லாக எடுத்துக்கொண்டது. ஆக, இது ஏதோ ஒரு ஆய்வாளர் தன் வசதிக்குப் போட்ட பிரிவு அல்ல. அதிகாரபூர்வமானது, இடைவெளி இல்லாதது, ஒன்றின் மேல் ஒன்று ஏறாதது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இப்போது மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்போது 32 மாவட்டங்கள், இப்போது 38. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆறும் பெரும்பாலும் ஒரே தாய் மாவட்டத்திலிருந்து பிரிந்தவை. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி, திருநெல்வேலியிலிருந்து தென்காசி, காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு, நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை, வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். பழைய காலத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் பிள்ளையைத் தாயோடு திரும்பச் சேர்த்துவிட்டால் ஏறத்தாழ வேலை முடிந்தது. கோயம்புத்தூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் எடுத்து 2009இல் திருப்பூரை உருவாக்கியபோதுதான் இது கொஞ்சம் சிக்கலானது, அங்கே மூன்றையும் சேர்த்தாக வேண்டும்.

கனெட்டிகட்டில் நடந்தது பிரிப்பே இல்லை. முழுவதையும் கலைத்துப் புதிதாக அடுக்கியிருக்கிறார்கள். நாகடக் வேலி வட்டாரத்தைப் பாருங்கள். வாட்டர்பரியும் அதைச் சுற்றியுள்ள டவுன்களும் நியூ ஹேவன் கவுன்டியிலிருந்து வந்தவை, ஷெல்டன் ஃபேர்ஃபீல்டிலிருந்து வந்தது, பிரிஸ்டல் ஹார்ட்ஃபர்டிலிருந்து, தாமஸ்டன், வாட்டர்டவுன் போன்றவை லிட்ச்ஃபீல்டிலிருந்து. ஒரே வட்டாரத்துக்குள் நான்கு கவுன்டிகளின் துண்டுகள். கிழக்கே விண்டம் என்ற டவுன், தன் பெயரையே கொண்ட விண்டம் கவுன்டியின் மற்ற டவுன்களோடு நார்த்ஈஸ்டர்ன் வட்டாரத்தில் இல்லாமல் சவுத்ஈஸ்டர்னில் இருக்கிறது. அதற்கு எதிர்த்திசையில் நியூ லண்டன் கவுன்டியின் வாலன்டவுன் நார்த்ஈஸ்டர்னுக்குப் போயிருக்கிறது. சவுத் சென்ட்ரல், கிரேட்டர் பிரிட்ஜ்போர்ட் இரண்டும்தான் ஒரே கவுன்டிக்குள் அடங்கியவை.

பழைய கவுன்டிகளும் புதிய வட்டாரங்களும் எந்தக் கோட்டில் ஒத்துப்போகின்றன என்று தேடி, இரண்டு காலத்துக்கும் பொதுவான பெரிய அலகுகளை உருவாக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். வழக்கமாக அது நல்ல உத்திதான். இங்கே முயன்று பாருங்கள். வெஸ்டர்ன் வட்டாரம் ஃபேர்ஃபீல்டையும் லிட்ச்ஃபீல்டையும் இணைக்கிறது. நாகடக் வேலி அவற்றோடு நியூ ஹேவனையும் ஹார்ட்ஃபர்டையும் இழுத்துவருகிறது. கேப்பிடல் வட்டாரம் டாலண்டைக் கொண்டுவருகிறது. டாலண்ட் கவுன்டியின் யூனியன் என்ற குட்டி டவுன் நார்த்ஈஸ்டர்னில் இருப்பதால் விண்டம் வந்து சேர்கிறது. அங்கிருந்து நியூ லண்டன், அதன் லைம், ஓல்ட் லைம் வழியாக மிடில்செக்ஸ். எட்டு கவுன்டிகளும் ஒரே சங்கிலியில் மாட்டிக்கொண்டன. இரண்டு காலத்துக்கும் பொதுவான அலகு என்று மிஞ்சுவது மாநிலம் முழுவதும் மட்டுமே. அதனால்தான் டவுனுக்கு இறங்கியே ஆக வேண்டும் என்கிறேன்.

பரப்பளவு விகிதத்தில் பிரிப்பது பற்றி. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எல்லைகள் ஒன்றையொன்று தாறுமாறாக வெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று எதுவுமே தெரியாதபோது கடைசிக் கையாகப் பயன்படுத்தும் முறை அது. மக்கள் நிலமெங்கும் சீராகப் பரவியிருக்கிறார்கள் என்ற அனுமானத்தில் நிற்கிறது. லிட்ச்ஃபீல்ட் கவுன்டியின் நிலப்பரப்பு சுமார் 920 சதுர மைல். அதிலிருந்து வெஸ்டர்ன் வட்டாரத்துக்குப் போன நியூ மில்ஃபோர்ட் சுமார் 62 சதுர மைல், அதாவது பரப்பில் நூற்றுக்கு ஏழுகூட இல்லை. ஆனால் 2020 கணக்கெடுப்பில் கவுன்டியின் 1,85,186 பேரில் 28,115 பேர் நியூ மில்ஃபோர்டில் இருந்தார்கள். நூற்றுக்கு 15. ஒரே ஒரு டவுனில், மக்கள் எண்ணிக்கையிலேயே பாதிக்கு மேல் தவறிவிடுகிறீர்கள். அதற்கு மேல் வறுமை விகிதத்தையும் சீராகப் பரப்பினால் பிழை எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். சரியான எண் கையிலேயே இருக்கும்போது ஊகத்துக்கு என்ன அவசியம்?

டவுன்களைக் கூட்டினால் எவ்வளவு சுத்தமாக ஒத்துப்போகிறது என்பதற்கு ஒரு கணக்கு காட்டுகிறேன், நீங்களே எக்ஸெலில் போட்டுப் பாருங்கள். 2020இல் வெஸ்டர்ன் வட்டாரத்தின் மக்கள்தொகை 6,20,549. அதில் லிட்ச்ஃபீல்டிலிருந்து வந்த நியூ மில்ஃபோர்டின் 28,115 பேரையும் பிரிட்ஜ்வாட்டரின் 1,662 பேரையும் கழியுங்கள். கிரேட்டர் பிரிட்ஜ்போர்ட்டின் 3,25,778ஐயும் ஷெல்டனின் 40,869ஐயும் கூட்டுங்கள். 9,57,419 வரும். பழைய ஃபேர்ஃபீல்ட் கவுன்டியின் மக்கள்தொகை அச்சு அசலாக அதுவேதான். ஒரு ஆள்கூட விடுபடவில்லை.

அப்புறம் நடைமுறை. 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்குத்தான், சென்சஸ் பீரோ தொடர்ந்து நடத்தும் அமெரிக்கச் சமூக ஆய்வின் ஓராண்டுக் கணிப்பு கிடைக்கும். ஒன்பது வட்டாரங்களும் அந்த வரம்பைத் தாண்டுகின்றன, டவுன்களில் பெரும்பாலானவை தாண்டாது. எனவே டவுன் அளவுக்கு நீங்கள் ஐந்து வருடத் தரவைச் சேர்த்துப் போடும் ஐந்தாண்டுக் கணிப்பைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். வருடா வருடம் மாறுவதைக் காட்டும் ஆசையை இங்கே விட்டுவிடுங்கள். 2015–2019க்கும் 2016–2020க்கும் இடையில் நான்கு வருடங்கள் பொதுவானவை. அவற்றை ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஒரே தரவை அதனோடே ஒப்பிடுவதாகிவிடும். 2014–2018, 2019–2023 என்று ஒன்றோடொன்று மேற்படாத இரண்டு தொகுப்புகளை எடுங்கள். முதலாவது பழைய கவுன்டிக் குறியீட்டில் வரும், இரண்டாவது புதிய வட்டாரக் குறியீட்டில் வரும். 2020ஆம் ஆண்டின் ஓராண்டுக் கணிப்பு பெருந்தொற்றால் சோதனைத் தரவாக மட்டுமே வெளியானது. அதை வழக்கமான தொடரில் ஒரு புள்ளியாக வைக்காதீர்கள்.

இரண்டு தொகுப்புகளையும் இணைக்கும் இடத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு டவுனின் குறியீடு பத்து இலக்கம்: மாநிலத்துக்கு இரண்டு, கவுன்டிக்கு மூன்று, டவுனுக்கு ஐந்து. ஹார்ட்ஃபர்ட் டவுன் பழைய கோப்பில் 0900337070. புதிய கோப்பில் 0911037070. நடுவில் இருக்கும் 003 என்ற கவுன்டி எண் போய் 110 என்ற கேப்பிடல் வட்டாரத்தின் எண் வந்திருக்கிறது. கடைசி ஐந்து இலக்கம் அப்படியே இருக்கிறது. பத்து இலக்கத்தையும் வைத்து இணைத்தால் ஒரு வரிகூடப் பொருந்தாது. அமெரிக்கா முழுமைக்குமான வரைபடங்களில் கனெட்டிகட் மட்டும் வெள்ளையாகத் தெரிவதை நீங்கள் பார்த்திருக்கலாம். பெரும்பாலும் காரணம் இதுதான்: எல்லைக் கோப்பு ஒரு வருடத்தியது, தரவு இன்னொரு வருடத்தியது. மாநிலத்தின் 09ஐயும் கடைசி ஐந்தையும் மட்டும் சேர்த்து ஒரு திறவுகோல் செய்துகொள்ளுங்கள். முதலில் பூஜ்யம் இருப்பதால் அந்தப் பத்தியை எழுத்தாகச் சேமியுங்கள், எண்ணாக வைத்தால் எக்ஸெல் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிடும். கோப்பில் 169க்கு மேல் வரிகள் தெரிந்தால் பதறாதீர்கள். கடலோரத்தில் நீர்ப்பரப்பை மட்டும் குறிக்க 00000 என்ற டவுன் எண்ணோடு சில வரிகள் உண்டு. அவற்றில் ஆட்கள் இல்லை, நீக்கிவிடலாம்.

சென்சஸ் டிராக்ட் (சில ஆயிரம் பேர் வாழும் சிறு கணக்கெடுப்புப் பகுதி) அளவுக்கு இறங்கலாமா என்று ஆசை வரும். டிராக்டில் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. 2020 கணக்கெடுப்பையொட்டி எல்லைகளே சில இடங்களில் மாற்றி வரையப்பட்டன. 2022இல் எல்லை மாறாமல் குறியீட்டின் நடுப்பகுதி மட்டும் மாறியது. முதலாவது உண்மையான மாற்றம், இரண்டாவது வெறும் பெயர் மாற்றம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட ஆய்வுகளை நான் மதிப்பிட வேண்டி வந்திருக்கிறது, திருத்துவது பெரும்பாடு. உங்கள் கேள்விக்கு டிராக்ட் அவசியமில்லை என்றே நினைக்கிறேன்.

கூட்டும்போது எதைக் கூட்டலாம், எதைக் கூட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களைத் தனியாகவும், வறுமை கணக்கிடப்பட்ட மொத்த மக்களைத் தனியாகவும் கூட்டிக் கடைசியில் வகுங்கள். டவுன்களின் விகிதங்களைச் சராசரி எடுத்தால் 800 பேருக்கும் குறைவான யூனியனும் லட்சக்கணக்கானோர் வாழும் பிரிட்ஜ்போர்ட்டும் ஒரே எடை பெற்றுவிடும். இடைநிலை வருமானத்தை (குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் வருவது) கூட்டவும் முடியாது, சராசரி எடுக்கவும் முடியாது. வருமான அடுக்குகளில் உள்ள குடும்பங்களின் எண்ணிக்கையைக் கூட்டி, நடுப்புள்ளி எந்த அடுக்கில் விழுகிறது என்று கண்டு, அந்த அடுக்குக்குள் இடைக்கணிப்பு செய்ய வேண்டும். பிழை எல்லையை (கணிப்பு எவ்வளவு தவறியிருக்கலாம் என்பதைக் காட்டும் அளவு) கூட்டுவதற்கு ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது வழக்கம். மதிப்பு பூஜ்யமாக உள்ள டவுன்கள் பல இருந்தால் அவற்றின் பிழை எல்லைகளில் பெரியதை ஒருமுறை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது தோராயம்தான். 2019–2023க்கு நீங்கள் கூட்டிய எண்ணிக்கை சென்சஸ் பீரோவே வெளியிட்ட வட்டார எண்ணோடு ஒத்துப்போக வேண்டும், பிழை எல்லை அப்படி ஒத்துப்போகாது. டவுன்களுக்கிடையிலான தொடர்பை இந்தச் சூத்திரம் கணக்கில் எடுக்காததே காரணம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பிழை எல்லையை நேராகக் கணக்கிட பீரோ வெளியிடும் மாறுபாட்டுப் பிரதி அட்டவணைகளைப் (variance replicate tables) பயன்படுத்தலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானது. ஒன்பது வட்டாரங்களை வைத்து என்ன முடிவுக்கு வரலாம் என்பது வேறு விஷயம், அங்கேதான் கவனம் வேண்டும். உங்கள் திட்டத்தில் வட்டாரங்களுக்கிடையே வறுமைக்கும் காப்பீடின்மைக்கும் தொடர்புக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை −1 முதல் 1 வரை காட்டும் எண்) காணப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது புள்ளிகள் மட்டும் இருந்தால், வழக்கமான 5 விழுக்காட்டு மட்டத்தில் அந்தக் கெழு 0.67ஐத் தொட்டால்தான் ஏதோ இருக்கிறது என்றே சொல்ல முடியும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 1950இல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1930ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டு, வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கும் எழுத்தறிவின்மைக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தார். தனிநபர் அளவில் கெழு 0.118, அதாவது வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே எழுத்தறிவின்மை சற்று அதிகம். அதே தரவை மாநில வாரியாகக் கூட்டினால் −0.526. நாட்டின் ஒன்பது பெரும்பிரிவுகளாகக் கூட்டினால் −0.619. கூட்டல் குறியே கழித்தல் குறியாகத் தலைகீழாகிவிட்டது. குடியேறியவர்கள் எழுத்தறிவு ஏற்கெனவே அதிகமாக இருந்த மாநிலங்களில் போய்க் குடியிருந்தார்கள், அவ்வளவுதான். நீங்கள் வைத்திருப்பதும் ஒன்பது அலகுகள். அவற்றில் தெரியும் தொடர்பு ஆட்களைப் பற்றியதாகவும் இருக்கலாம், ஆட்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைப் பற்றியதாகவும் இருக்கலாம். வட்டாரத் தரவை மட்டும் வைத்து எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கோட்டை எங்கே போடுகிறோம் என்பதும் விடையை மாற்றும். ஓப்பன்ஷா, டெய்லர் என்ற இருவர் 1979இல் அயோவாவின் 99 கவுன்டிகளைப் பல விதமாகத் தொகுத்துப் பார்த்து, முதியோர் விகிதத்துக்கும் குடியரசுக் கட்சி வாக்குக்கும் உள்ள தொடர்பைத் தொகுக்கும் விதத்தாலேயே வலுவான நேர்மறையாகவும் காட்டலாம், வலுவான எதிர்மறையாகவும் காட்டலாம் என்று நிறுவினார்கள். கனெட்டிகட்டில் அதைக் கண்ணெதிரே பார்க்கலாம். பழைய ஃபேர்ஃபீல்ட் கவுன்டியில் கிரெனிச், டேரியன் போன்ற பெரும் பணக்கார டவுன்களும் ஏழ்மை மிகுந்த பிரிட்ஜ்போர்ட்டும் ஒரே வரியில் கிடந்தன. அந்தச் சராசரி இரண்டு பேருக்குமே பொருந்தவில்லை. இப்போது கிரெனிச் பக்கம் வெஸ்டர்னுக்கும் பிரிட்ஜ்போர்ட் தன் பெயர் கொண்ட வட்டாரத்துக்கும் போய்விட்டதால் ஏற்றத்தாழ்வு திடீரென்று அட்டவணையில் தெரிகிறது. 2021ஐயும் 2022ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவர் ஏதோ பெரிய சமூக மாற்றம் நடந்துவிட்டதாக நினைத்துவிடலாம். ஒருவர்கூட வீடு மாறியிருக்கத் தேவையில்லை. அதே சமயம் புதிய வட்டாரமும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. கிரேட்டர் பிரிட்ஜ்போர்ட்டின் ஆறு டவுன்களில் ஈஸ்டன் போன்ற வசதியான டவுன்களும் உண்டு, பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் வாழ்பவர்கள் வட்டார மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவு. வட்டாரச் சராசரியைப் பிரிட்ஜ்போர்ட்டின் நிலைமை என்று எழுதினால் அது அந்த நகரத்து மக்களுக்குச் செய்யும் அநியாயம். நிதி ஒதுக்கீட்டுக்கு இந்த அட்டவணைகளைத்தான் கொண்டுபோய் நீட்டுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அளவிலும் வட்டாரங்கள் சமமில்லை. கேப்பிடலில் 9,76,248 பேர், நார்த்ஈஸ்டர்னில் 95,348 பேர். பத்து மடங்கு வித்தியாசம். எனவே தொடர்பைத் தேடும் பகுதியில் டவுன்களை அலகாகவும் வட்டாரத்தை மேல்மட்டமாகவும் வைத்துப் பல்மட்ட மாதிரி (இரண்டு மட்டங்களின் வேறுபாட்டையும் ஒன்றாகக் கணக்கிடும் புள்ளியியல் முறை) போடுவதே என் பரிந்துரை. அதிலும் ஒரு குறை இருக்கிறது. சின்ன டவுன்களில் ஆய்வில் பதில் சொன்னவர்கள் குறைவு, பிழை எல்லை சில நேரம் மதிப்பையே மிஞ்சிவிடும். பல்மட்ட மாதிரியில் அந்தப் பிழையைச் சேர்க்காவிட்டால் தற்செயலான ஏற்ற இறக்கத்தைச் செய்தியாகப் படித்துவிடுவீர்கள். ஒன்பது மேல்மட்டக் குழுக்கள் என்பதும் குறைவுதான், வட்டார விளைவுகளின் மாறுபாட்டை அதிலிருந்து இறுக்கமாகக் கணிக்க முடியாது. இதை எப்படிச் சரிக்கட்டுவது என்பதில் புள்ளியியலாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, உங்கள் வழிகாட்டியோடு உட்கார்ந்து பேசுங்கள். நான் வரைபடமும் மக்கள்தொகையும் பார்ப்பவன், நோய்ப்பரவலியல் படித்தவன் அல்ல. வயதுக்கேற்ற சரிக்கட்டல் உங்கள் ஆய்வுக்கு எந்த அளவு தேவை என்பதிலும் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரங்கள் கவுன்டிகளைவிட வாழ்க்கையோடு பொருந்தியவையா என்பது எனக்கு உறுதியாகச் சொல்ல முடியாத கேள்வி. நாகடக் ஆற்றோரத்து ஆலை டவுன்களைச் சேர்த்துப் பார்ப்பது நாலு கவுன்டிகளில் சிதறிக் கிடந்ததைவிடப் பொருத்தம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் வட்டாரம் திட்டமிடலுக்காகவும் நிர்வாக வசதிக்காகவும் உருவானது. ஒருவர் எந்த மருத்துவமனைக்குப் போகிறார், எந்த ஊரில் வேலை பார்க்கிறார் என்பதை வைத்து வரையப்பட்டதல்ல. மருத்துவ வசதியை எட்டுவது பற்றி ஏதாவது எழுதுவதாக இருந்தால் வட்டார எல்லையைச் சுவராக நினைக்காதீர்கள்.

வேறு மாநிலத்தின் திட்டமிடல் மாவட்டங்களோடு ஒப்பிடும் எண்ணம் பின்னால் வரலாம் என்பதால் வர்ஜீனியாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த திட்டமிடல் மாவட்டங்கள் இப்போது 21. எண்கள் 23 வரை போகும். 20ஆம் 21ஆம் எண் மாவட்டங்கள் 1990இல் இணைந்து ஹாம்ப்டன் ரோட்ஸ் என்ற 23ஆம் எண்ணாகிவிட்டதால் நடுவில் இரண்டு எண் கிடையாது. அந்த மாநிலத்தில் 95 கவுன்டிகளோடு, எந்தக் கவுன்டியிலும் சேராத 38 தனி நகரங்களும் கவுன்டிக்குச் சமமானவை. சார்லட்ஸ்வில்லைச் சுற்றி ஆல்பமார்ல் கவுன்டி வளையமாக நிற்கிறது, ஃபால்ஸ் சர்ச் நகரத்தின் பரப்பு வெறும் இரண்டு சதுர மைல் அளவு. நகரத்தையும் சுற்றியுள்ள கவுன்டியையும் ஒன்றாகப் பார்க்கத் திட்டமிடல் மாவட்டம் அங்கே நிஜமாகவே உதவும். ஆனால் சில கவுன்டிகள் இரண்டு மாவட்டங்களில் உறுப்பினர். கிளாஸ்டர் ஹாம்ப்டன் ரோட்ஸிலும் மிடில் பெனின்சுலாவிலும் இருக்கிறது, ஃபிராங்க்ளின் கவுன்டி ரோனோக் வேலி-அலகேனியிலும் வெஸ்ட் பீட்மான்டிலும் இருக்கிறது. யோசிக்காமல் 21ஐயும் கூட்டினால் சிலரை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். ஆக, கனெட்டிகட்டில் மேற்படாமல் இருப்பதை எல்லா மாநிலத்துக்கும் பொதுவான குணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த மாநிலமானாலும் ஒவ்வொரு அடிப்படை அலகும் ஒரே ஒரு மாவட்டத்தில்தான் இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிடுங்கள்.

உங்கள் மற்றத் தரவுகள் எந்த அலகில் இருக்கின்றன என்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். 2020 கணக்கெடுப்பே எட்டு கவுன்டிகளில்தான் வெளியானது. மாநிலச் சுகாதாரத் துறை பிறப்பு, இறப்புப் புள்ளிவிவரங்களை டவுன் வாரியாகத் தருவதால் அது உங்கள் அடித்தளத்தோடு நேராகப் பொருந்தும். கவுன்டி அளவில் மட்டும் கிடைக்கிற ஏதாவது ஒரு தரவு இல்லாமல் முடியாது என்றால், அந்த ஒரு பகுதியைக் கவுன்டியிலேயே வைத்து, வறுமைத் தரவை டவுன்களிலிருந்து எட்டு கவுன்டிகளாகத் திரும்பக் கட்டிக்கொள்ளுங்கள். டவுன் அளவில் கணக்கு வைத்திருப்பதன் பலன் இதுதான், எந்தப் பக்கமும் போகலாம்.

ஆய்வேட்டில் எந்தத் தேதியின் வட்டார எல்லையை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மாநில நிர்வாகம் நினைத்தால் ஒரு டவுனை இன்னொரு வட்டாரத்துக்கு மாற்ற முடியும், 15 ஒன்பதான கதையே அதற்குச் சாட்சி. டவுன், பழைய கவுன்டி, புதிய வட்டாரம் என்று மூன்று பத்திகளில் 169 வரி அட்டவணையைப் பின்னிணைப்பில் வையுங்கள். அதைச் சரிபார்க்க எண்ணிக்கைகள்: கேப்பிடல் 38, நார்த்வெஸ்ட் ஹில்ஸ் 21, நாகடக் வேலி 19, சவுத்ஈஸ்டர்ன் 19, வெஸ்டர்ன் 18, லோயர் கனெட்டிகட் ரிவர் வேலி 17, நார்த்ஈஸ்டர்ன் 16, சவுத் சென்ட்ரல் 15, கிரேட்டர் பிரிட்ஜ்போர்ட் 6. சவுத்ஈஸ்டர்ன் கவுன்சிலின் சொந்த உறுப்பினர் பட்டியல் 19ஐவிட நீளமாக இருக்கும். குரோட்டன் நகரம், ஜூவெட் சிட்டி போல டவுனுக்குள்ளேயே அடங்கிய அமைப்புகளும் அங்கே தனி உறுப்பினர்கள். அவற்றின் மக்கள் ஏற்கெனவே டவுன் கணக்கில் இருப்பதால் அந்த வரிகளை உங்கள் அட்டவணையில் சேர்க்க வேண்டாம்.